பழைய மடிக்கணினியைக் கைமாற்றும் முன் ஹார்டு டிஸ்க்கை மீட்க முடியாதபடி துடைக்கும் முறை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு, விண்டோஸ் 11-ஐ ஏற்காத மடிக்கணினிகள் அலுவலக அலமாரிகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கின்றன. திருப்பூரில் கணினிப் பராமரிப்பு வேலை செய்கிற நான் பார்த்தவரையில், அவற்றுள் சில புதிய கணினி வாங்கும்போது எக்ஸ்சேஞ்சுக்குப் போகின்றன. சில, கல்லூரியில் சேர்ந்திருக்கும் சொந்தக்காரப் பிள்ளைக்குப் போகின்றன. மீதி பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போகின்றன. எங்கே போனாலும், கொடுப்பவர் சொல்வது ஒன்றுதான்: “ஃபார்மட் பண்ணியாச்சுங்க.”

அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பதை ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். ஒரு பழுதைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கோவையில் பழைய உதிரிப் பொருள் விற்கும் கடை ஒன்றில் 500 ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தேன். கணினியில் மாட்டியபோது அது காலியாகத்தான் தெரிந்தது. ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருளை ஓடவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள், ஏதோ ஒரு பனியன் கம்பெனியின் சம்பளப் பட்டியலும், தொழிலாளர்களின் ஆதார் நகல்களும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் படங்களும் வரிசையாக வந்து நின்றன. அந்த டிஸ்க்கை அன்றைக்கே முழுமையாகத் துடைத்துவிட்டேன். ஆனால், எனக்கு முன்னால் அதை எத்தனை பேர் மாட்டிப் பார்த்தார்களோ தெரியாது.

மடிக்கணினியின் விலை சில ஆயிரங்களாகச் சுருங்கிப் போயிருக்கலாம். உள்ளே இருப்பதன் விலை சுருங்குவதில்லை. ஏற்றுமதி அலுவலகமாக இருந்தால் வாங்குபவர் அனுப்பிய டிசைன்களும் காஸ்டிங் ஷீட்டுகளும் இருக்கும். ஆடிட்டர் அலுவலகமாக இருந்தால் வாடிக்கையாளர்களின் பான் எண்களும், வருமான வரித் தளத்தின் கடவுச்சொற்கள் வரிசையாக எழுதப்பட்ட ஓர் எக்செல் கோப்பும் பெரும்பாலும் இருக்கும். வீடாக இருந்தால் பத்திர நகலும், ஜாதகமும், கல்யாணப் படங்களும் இருக்கும். தொழிலாளர் விவரங்களைப் பொறுத்தவரை இது வெறும் கவனக்குறைவோடு முடிகிற விஷயமும் அன்று. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தரவைக் கையில் வைத்திருப்பவர் அதற்குத் தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

ஃபார்மட் ஏன் போதாது

ஈரோட்டு மஞ்சள் குடோனை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மூட்டை எந்த வரிசையில் இருக்கிறது என்று இருப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கும். பதிவேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் அந்த இடம் காலி என்று கணக்கு சொல்லும். மூட்டை அங்கேயேதான் கிடக்கும். வேறொரு மூட்டையை அந்த இடத்தில் இறக்கும்போதுதான் பழையது அகலும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வது ஒரு வரியை அடிப்பது போன்றது. ‘குயிக் ஃபார்மட்’ என்பது பழைய பதிவேட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய நோட்டுப் போடுவது போன்றது. இரண்டிலும் குடோனுக்குள் யாரும் போகவே இல்லை. மீட்பு மென்பொருள் பதிவேட்டைத் தேடுவதில்லை; நேராகக் குடோனுக்குள் நுழைந்து, மூட்டை மூட்டையாகப் பிரித்து, இது படம், இது எக்செல் என்று அடையாளம் கண்டு எடுத்துவிடுகிறது.

விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, ‘குயிக்’ என்ற குறியை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட் அந்தப் பகுதி முழுவதும் சுழியங்களை எழுதுகிறது என்பது உண்மை. ஆனால், சி டிரைவை அப்படிச் செய்துவிட்டு, டாலி கணக்கு மென்பொருளின் தரவு இருக்கும் டி டிரைவை மறந்துபோகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் பரண்மேல் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளமும் தனித்தனிப் பகுதிகளில் இருந்ததால், ஒன்றை மட்டும் துடைத்து மற்றதை விட்டுவிடுவது அவற்றில் இன்னும் எளிது. ஆகவே துடைக்க வேண்டியது டிரைவ் எழுத்தை அல்ல, டிஸ்க் முழுவதையும்.

கை வைப்பதற்கு முன்

துடைத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதே நம் நோக்கமாக இருப்பதால், முன்வேலையில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தேவையான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கிலும், முடிந்தால் இரண்டாவதாக இன்னோரிடத்திலும் நகலெடுங்கள். நகல் எடுத்ததோடு நிற்காமல், வேறொரு கணினியில் மாட்டி நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, கணக்கு ஆவணங்களை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். “அது பழைய வருஷக் கணக்குத்தானுங்களே” என்று சொல்லி அழித்துவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு ஓடி வந்தவர்கள் உண்டு.

டாலி பயன்படுத்துகிறவர்கள், இயந்திரத்தைத் துடைப்பதற்கு முன் இணைய இணைப்போடு டாலியைத் திறந்து லைசென்ஸை ‘சரண்டர்’ செய்ய வேண்டும். செய்யாவிட்டால், புதிய கணினியில் அதே லைசென்ஸைப் பதியும்போது வீண் அலைச்சல் வரும். அடோபி, ஆட்டோகேட், டெக்ஸ்டைல் டிசைன் மென்பொருள்கள் போன்று கணினியோடு பிணைக்கப்பட்ட எல்லா லைசென்ஸ்களுக்கும் இது பொருந்தும்.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை இயங்கிக்கொண்டிருக்கும் கணினியில் கோப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்காதீர்கள். அங்கே அழித்தால் இணையத்தில் உள்ள நகலும் சேர்ந்து அழியும். அதே கணக்கில் இருக்கும் புதிய கணினியிலும் அழியும். முதலில் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்; பிறகு டிஸ்க்கை மொத்தமாகத் துடையுங்கள். குரோமிலிருந்து வெளியேறுவது, கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலிலிருந்து இந்தக் கணினியை நீக்குவது, மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இந்தச் சாதனத்தை எடுத்துவிடுவது ஆகியவற்றையும் அப்போதே முடித்துவிடலாம். கடைசியாக, டிவிடி தட்டைத் திறந்து பாருங்கள், மெமரி கார்டு துளையைப் பாருங்கள், யுஎஸ்பி துளைகளைப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகியபடியே எக்ஸ்சேஞ்சுக்கு வந்த மடிக்கணினியை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

உள்ளே இருப்பது எந்த வகை

இந்த வேலையில் பாதித் தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. சுழலும் காந்தத் தட்டுகள் கொண்ட ஹார்டு டிஸ்க்குக்கும், சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கும் துடைக்கும் முறை வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குச் செய்தால், வேலை முடிந்தது போலத் தோன்றும், முடிந்திருக்காது.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் டிஸ்க்கின் பெயருக்குக் கீழே பார்க்கலாம். அங்கே எச்டிடி என்றோ எஸ்எஸ்டி என்றோ இருக்கும். பழைய பதிப்புகளில் அது தெரியாவிட்டால், ‘டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்ற கருவி ஒவ்வொரு டிரைவின் வகையையும் காட்டும். சில மடிக்கணினிகளில் விண்டோஸுக்கு 128 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டியும், கோப்புகளுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க்கும் என இரண்டும் இருக்கும். அங்கே இரண்டையும் தனித்தனி முறையில் துடைக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்காக இருந்தால்

இது எளிய வேலை. டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களுக்குச் செக்டார் என்று பெயர்; முதல் செக்டார் தொடங்கிக் கடைசி செக்டார் வரை ஒருமுறை சுழியம் எழுதினால் போதும். மூன்று முறை எழுத வேண்டும், ஏழு முறை எழுத வேண்டும், 35 முறை எழுத வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். அந்த 35 என்ற எண், நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 1996-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த பலவகைப் பழைய டிஸ்க்குகள் அனைத்துக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது; ஒரே டிஸ்க்கில் 35 முறையும் எழுதுவதில் பொருளில்லை என்று அவரே பின்னர் விளக்கினார். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், இத்துறையில் பலரும் பின்பற்றும் தன் 800-88 வழிகாட்டியின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில், இக்காலத்து ஹார்டு டிஸ்க்குகளுக்குப் பொதுவாக ஒருமுறை மேலெழுதுவதே போதும் என்கிறது. ஆகவே ஏழு முறை ஓடவிட்டு இரண்டு நாள் கணினியைக் காயப்போடுவதைவிட, ஒருமுறை ஓடவிட்டுச் சரிபார்ப்பதில் அந்த நேரத்தைச் செலவிடுவது நல்லது.

தனி மென்பொருள் எதுவும் இல்லாமல், விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைக் கொண்டே இதைச் செய்யலாம். மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள். பழைய மடிக்கணினியிலிருந்து மற்ற எல்லா வெளி டிஸ்க்குகளையும் கழற்றிவிட்டு, பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது கணினியை அதிலிருந்து தொடங்கச் செய்யுங்கள். டெல், லெனோவா இயந்திரங்களில் பெரும்பாலும் எஃப்12 விசையும், எச்பியில் எஃப்9 விசையும் பூட் பட்டியலைத் திறக்கும். மொழி கேட்கும் முதல் திரையிலேயே ஷிஃப்ட் விசையோடு எஃப்10-ஐ அழுத்தினால் கருப்புக் கட்டளைத் திரை வரும். அதில் ‘டிஸ்க்பார்ட்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுத்த பின், ‘லிஸ்ட் டிஸ்க்’ என்று கொடுத்தால் இணைந்திருக்கும் டிஸ்க்குகள் எண்ணோடும் அளவோடும் பட்டியலாகும். உங்கள் பென்டிரைவும் அதில் ஒன்றாக இருக்கும் என்பதால் அளவைப் பார்த்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘செலக்ட் டிஸ்க் 0’ என்று, அல்லது பொருந்துகிற எண்ணைக் கொடுத்துவிட்டு, ‘டீட்டெய்ல் டிஸ்க்’ கட்டளையால் டிஸ்க்கின் மாடல் பெயரையும் உறுதிசெய்த பிறகு, ‘கிளீன் ஆல்’ என்று கொடுங்கள்.

அந்த ‘ஆல்’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. வெறும் ‘கிளீன்’ என்று கொடுத்தால் பார்ட்டிஷன் விவரம் மட்டும் போகும். வேலை ஒரு நொடியில் முடியும். மஞ்சள் மூட்டைகள் அப்படியே இருக்கும். ‘ஆல்’ சேர்த்தால்தான் ஒவ்வொரு செக்டாரிலும் சுழியம் எழுதப்படும். இந்தக் கட்டளை “உறுதியாகவா?” என்று உங்களைக் கேட்காது, எத்தனை சதவீதம் முடிந்தது என்றும் காட்டாது; கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். கணினி நின்றுவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். நொடிக்குச் சராசரியாக 80 எம்பி எழுதும் மடிக்கணினி டிஸ்க் என்றால், 500 ஜிபிக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமும், 1 டிபிக்கு மூன்றரை மணி நேரமும் ஆகும்.

பழைய மடிக்கணினியின் பேட்டரி பெரும்பாலும் பத்து நிமிடம்கூடத் தாங்காது. ஆதலால் சார்ஜரைச் செருகுங்கள், யுபிஎஸ் இருந்தால் அதில் செருகுங்கள், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மேலெழுதும் வேலை நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் போதும். பின்னால் சொல்லப்போகும் செக்யூர் எரேஸ் நடுவில் நின்றால் தொல்லை அதிகம்.

அலுவலகத்தில் பத்து இருபது டிஸ்க்குகள் சேர்ந்திருந்தால், ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றிப் பூட் செய்வது வசதி. அதில் உள்ள என்வைப் என்ற கருவி முன்னேற்றத்தைக் காட்டும், ஒரே நேரத்தில் பல டிஸ்க்குகளைத் துடைக்கும், எழுதி முடித்தபின் தானே படித்துச் சரிபார்க்கும். முன்பு எல்லோரும் பயன்படுத்திய டிபான் என்ற துடைக்கும் மென்பொருள் இப்போதும் பலர் கையில் இருக்கிறது. அது ஹார்டு டிஸ்க்குக்கு உதவலாம், ஆனால் எஸ்எஸ்டிக்காக உருவானது அன்று.

எஸ்எஸ்டியாக இருந்தால்

காங்கயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் மாடுகளை ஒரே கட்டத்தில் தொடர்ந்து மேயவிட மாட்டார்கள். அப்படி விட்டால் கொழுக்கட்டைப்புல் வேரோடு போய்விடும் என்பதால், கிளுவை வேலிக் கட்டங்களுக்குள் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். எஸ்எஸ்டியின் சில்லுகளும் குறிப்பிட்ட தடவைக்கு மேல் எழுதினால் தேய்ந்துபோகும் தன்மை உடையவை. அதனால் எதை எங்கே எழுதுவது என்று தீர்மானிக்க உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் என்ற சில்லு, நீங்கள் ஒரே கோப்பின்மீது எழுதச் சொன்னாலும், தேயாத வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தைப் பின்னர் துடைக்கலாம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். அது மட்டுமன்று, கணினியின் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் ஒவ்வோர் எஸ்எஸ்டியிலும் உண்டு. நீங்கள் இந்தக் கட்டத்தில் மேய்க்கச் சொல்கிறீர்கள். மேய்ப்பவர் தன் கணக்குப்படி வேறு கட்டத்துக்கு ஓட்டிச் செல்கிறார். எனவே வெளியிலிருந்து எத்தனை முறை மேலெழுதினாலும், ஒவ்வொரு சில்லின் ஒவ்வொரு மூலையையும் தொட்டோம் என்று சொல்ல முடியாது.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தனிக் கோப்புகளை மேலெழுதி அழிக்கும் முறைகள் எஸ்எஸ்டியில் பலிக்கவில்லை. கன்ட்ரோலருக்கே உள்ள அழிப்புக் கட்டளையை நிறைவேற்றிவிட்டதாக அறிவித்த ஒரு டிரைவிலும் தரவு அப்படியே இருந்தது. அன்றைய டிரைவுகளைவிட இன்றையவை மேம்பட்டவை என்றாலும், சரிபார்ப்பை நான் வலியுறுத்துவதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

எஸ்எஸ்டிக்கு உரிய சரியான வழி, துடைக்கும் வேலையைக் கன்ட்ரோலரிடமே ஒப்படைப்பதாகும். எஸ்எஸ்டி கணினியோடு இணையும் விதத்தில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு. சாட்டா வகை எஸ்எஸ்டியில் அந்தக் கட்டளைக்குச் செக்யூர் எரேஸ் என்று பெயர். என்விஎம்இ வகையில் ஃபார்மட், சானிடைஸ் என்ற கட்டளைகள் உள்ளன. டெல் லாட்டிடியூட், எச்பி புரோபுக், எலைட்புக், லெனோவா திங்க்பேட் போன்ற அலுவலக வகை மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் அமைப்புக்குள்ளேயே ‘டேட்டா வைப்’ அல்லது ‘செக்யூர் எரேஸ்’ என்ற வசதி இருக்கும். இருந்தால் அதைவிட எளிய வழி இல்லை. இல்லையென்றால், சாம்சங், கிரூஷியல், கிங்ஸ்டன் போன்ற எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் தரும் இலவச மென்பொருளைப் பார்க்கலாம்.

லினக்ஸ் தெரிந்தவர்கள் உபுண்டு பென்டிரைவில் பூட் செய்து, என்விஎம்இ-சிஎல்ஐ கருவியின் ஃபார்மட் கட்டளையில் ‘எஸ்இஎஸ்’ மதிப்பை 1 என்று கொடுத்தால் பயனர் தரவு முழுவதும் அழிக்கப்படும். சாட்டா வகைக்கு எச்டிபார்ம் கருவி. அதில் டிரைவின் நிலை ‘ஃப்ரோசன்’ (அழிப்புக் கட்டளையை ஏற்காத நிலை) என்று காட்டினால், மடிக்கணினியை ஒருமுறை உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் விடுபடும். பிறகு ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைத்து அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: நடுவில் மின்சாரம் போனால் டிரைவ் அந்தக் கடவுச்சொல்லோடு பூட்டிக்கொண்டு நிற்கும், அது இல்லாமல் நீங்களே உள்ளே போக முடியாது. டிரைவைக் கழற்றி, யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளி உறையான யுஎஸ்பி கேஸில் போட்டுச் செக்யூர் எரேஸ் செய்ய முயலாதீர்கள். கட்டளை அந்த இணைப்பைத் தாண்டிச் சரியாகப் போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் இந்த வேலை சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் முடிவது பிழை அன்று.

விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற மறையாக்கம் கணினி வாங்கிய நாள் முதலே இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. டிஸ்க்கில் இருப்பதெல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாத எழுத்துகள்தான். சாவியை அழித்தால் அனைத்தும் அழிந்ததற்குச் சமம். இதுவரை இல்லை, கொடுப்பதற்கு முன் இப்போதுதான் இயக்கப்போகிறோம் என்றால், ‘பயன்பாட்டில் உள்ள இடம் மட்டும்’ என்ற தேர்வைத் தவிர்த்து ‘முழு டிரைவும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்; முன்பு அழித்த கோப்புகளின் மிச்சங்கள் காலி இடத்தில்தான் கிடக்கின்றன. எஸ்எஸ்டியின் உபரி இடத்தில் மறையாக்கத்துக்கு முந்தைய நகல்கள் தங்கியிருக்கக்கூடும் என்பதால், இதைச் செக்யூர் எரேஸுக்கு மாற்றாகக் கொள்ளாமல், அது கிடைக்காத மலிவு வகை மடிக்கணினிகளுக்கான அடுத்த நல்ல வழியாகக் கொள்ளலாம்.

விண்டோஸோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்றால்

சொந்தக்காரப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது கணினி ஓடும் நிலையில் இருக்க வேண்டுமல்லவா? ‘ரீசெட் திஸ் பிசி’ என்பதைத் தேர்ந்து, ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து, அதன்பின் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ வழியாக ‘கிளீன் டேட்டா’ என்பதைக் கட்டாயம் இயக்குங்கள். அந்தக் கடைசிப் படியை யாரும் தொடுவதில்லை. அது இல்லாவிட்டால் ரீசெட் என்பது புது நோட்டுப் போடுவது மட்டும்தான். 2022-இன் தொடக்கத்தில், ரீசெட் செய்த பிறகும் ஒன்டிரைவ் தொடர்புடைய சில கோப்புகள் ‘விண்டோஸ்.ஓல்ட்’ கோப்புறையில் தங்கிவிடும் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அதைப் புதுப்பிப்பில் சரிசெய்தது. இந்த வசதி வீட்டுப் பயனர்களுக்கானது, அரசு மற்றும் தொழில்துறைத் தர அளவுகளை எட்டுவதன்று என்று அந்நிறுவனமே குறிப்பிடுகிறது. எனவே வீட்டுக் கணினி வீட்டுக்குள்ளேயே போகும்போது இதைப் பயன்படுத்துங்கள். அலுவலகக் கணினியைத் தெரியாதவர் கையில் கொடுக்கும்போது, முதலில் டிஸ்க்கை முழுதாகத் துடைத்துவிட்டு, பிறகு விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுப்பதே என் பழக்கம்.

ஆப்பிள் மேக்புக்கில் டி2 என்ற பாதுகாப்புச் சில்லோ, ஆப்பிளின் சொந்த எம் வரிசைச் சில்லோ இருந்து, மேக்ஓஎஸ் 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், அமைப்புகளில் உள்ள ‘இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ ஒன்றே போதும்; அது மறையாக்கச் சாவியை அழித்துவிடுகிறது. தொலைந்த சாதனத்தைத் தேடித் தரும் ‘ஃபைண்ட் மை’ நீங்கியதா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள், இல்லையேல் வாங்கியவர் இரவு பத்து மணிக்கு உங்களை அழைப்பார்.

சரிபார்ப்பு

துடைத்து முடித்தவுடன் மூடி வைத்துவிடாதீர்கள். டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து, டிஸ்க்கில் எழுதியிருப்பதை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றைப் படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்து, டிஸ்க்கின் தொடக்கம், நடுப்பகுதி, கடைசி என்று பத்துப் பதினைந்து இடங்களுக்குத் தாவிப் பாருங்கள். எல்லா இடத்திலும் சுழியங்கள் மட்டுமே இருக்க வேண்டும். சில எஸ்எஸ்டிகளில் சுழியத்துக்குப் பதிலாக ஒரே எழுத்து வரிசையாகவோ பொருளற்ற கலவையாகவோ தெரியலாம். படிக்கக்கூடிய ஒரு சொல்லும் தெரியக் கூடாது என்பதே அளவுகோல். அதன்பின் ஃபோட்டோரெக்கை முழு டிஸ்க்கின்மீதும் ஓடவிடுங்கள். அது கடைசிவரை ஓடி ஒரு கோப்பைக்கூடக் கண்டுபிடிக்காமல் நின்றால்தான் நான் அந்த டிஸ்க்கை மேசையிலிருந்து எடுக்கிறேன். விண்டோஸ் நிறுவிக் கொடுப்பதாக இருந்தால், இந்தச் சோதனையை நிறுவுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

ஓடாத டிஸ்க்

மடிக்கணினி செத்துப்போய், டிஸ்க் மட்டும் நன்றாக இருந்தால், அதைக் கழற்றிச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேஸில் போட்டு மேலே சொன்னபடி மேலெழுதலாம், யுஎஸ்பி 2.0 இணைப்பு என்றால் 1 டிபிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரவில் போட்டுவிட்டுப் படுப்பதே வழி. டிஸ்க்கே டிக் டிக் என்று சத்தமிட்டு இயங்க மறுத்தால், மென்பொருளால் ஆகப்போவது ஒன்றுமில்லை. உடைக்கத்தான் வேண்டும்.

அதற்குக் கோவை, திருப்பூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தெருவுக்கொரு லேத் பட்டறை இருக்கிறது. சுழலும் டிஸ்க்கை, நடு அச்சைத் தவிர்த்து, தட்டுகளின்மேல் விழும்படி நான்கைந்து இடங்களில் துளைபோடச் சொல்லுங்கள். மடிக்கணினி டிஸ்க்குகளில் பலவற்றின் தட்டுகள் கண்ணாடியால் ஆனவை. துளை விழும்போது தூளாகத் தெறிக்கும். எனவே மூடியைத் திறக்காமலேயே துளையிட வேண்டும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டப் போகக் கூடாது. எஸ்எஸ்டியை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு துளைக்க முடியாது: இரண்டரை அங்குல எஸ்எஸ்டி பலவற்றில் உள்ளே இருக்கும் பலகை உறையில் பாதிகூட இருக்காது, துளை வெறும் பெட்டியில் விழுந்துவிடும். உறையைத் திறந்து, பலகையில் உள்ள நினைவகச் சில்லுகள் ஒவ்வொன்றையும் உடைக்க வேண்டும். ஒரு சில்லு முழுதாக மிஞ்சினாலும் அதில் தரவு மிஞ்சும். காந்தத்தை வைத்துத் தேய்ப்பது இரண்டு வகைக்கும் பயன்படாது. உடைப்பதற்கு முன் மடிக்கணினியின் பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பிடிக்கும். உப்பிப்போன பேட்டரி என்றால் அழுத்தக்கூடக் கூடாது.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்று நினைப்பவர், டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மடிக்கணினியை மட்டும் விற்றுவிடலாம். டிஸ்க் இல்லாததால் குறையும் விலை பெரும்பாலும் அதிகம் இராது. தரவைச் சேமிக்கும் சில்லுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மலிவு வகை மடிக்கணினிகளிலும் புதிய மேக்புக்குகளிலும் மட்டும் இது நடக்காது.

கடைசியாக வெளியேற்றுவது

துடைத்த பிறகும் பயனற்றது என்று தெரிந்தால், அதைக் குப்பையோடு போடவோ, செம்புக்காகப் பலகையை எரிப்பவரிடம் எடைக்குப் போடவோ வேண்டாம். ஈயமும் மற்ற உலோகங்களும் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும். நொய்யல் ஆற்றுக்கு நாம் செய்தது போதும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி, மின்கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அவர்களைப் பற்றிய விவரம் உண்டு. அலுவலகமாக இருந்தால் அவர்களிடம் பெற்றுக்கொண்டதற்கான சான்று கேட்டு வாங்குங்கள். அவர்களுடைய சான்றை நம்பித் துடைக்காமல் கொடுப்பது மட்டும் கூடாது; வண்டியில் ஏறிய டிஸ்க் வழியில் எங்கே இறங்கும் என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதி வைப்பது என் வழக்கம். மடிக்கணினியின் மாடல், டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண், எந்த முறையில் துடைத்தோம், யார் சரிபார்த்தார், என்ன தேதி, யாரிடம் கொடுத்தோம் என்று ஆறே வரிதான். அதோடு டிஸ்க்கின் லேபிள் தெரியும்படி ஒரு படம் எடுத்து, அந்தக் கணினியை வாங்கிய பில்லோடு சேர்த்து அதே கோப்பில் போட்டுவிடுகிறேன்.